கடியப்பட்டணத்து மணலில் வாசித்த டிபெஞ்சர்

போன வாரம், நான் முன்பு இருந்த பாங்கில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் கொட்டாரத்துக்கு என் வீடு தேடி வந்தார்கள். தலைமை ஆபீஸிலிருந்து அவர்களுக்குப் புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். கடன் பத்திரம் வாங்க வருகிறவர்களிடம் வட்டியைப் பற்றிப் பேசு, மற்றதைப் பேசி ஆளைப் பயமுறுத்தாதே என்று. காப்பி குடித்து முடித்தபின் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. நீங்க கடற்கரையில போய் ஒரு டிபெஞ்சரை வாசிச்சுக் கெடுத்தேளாம், அதுனாலதான் கடைசிவரை கிளார்க்காவே இருந்தேளாம்னு சொல்லுதாவ. உள்ளதா?"

உள்ளதுதான் என்றேன். அதில் 'கெடுத்தேளாம்' என்ற ஒரு சொல்லை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவனும் எனக்காக வேறு கதை சொல்ல வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நான் பாங்கில் சேர்ந்தேன். கோட்டாற்றில் சரக்கு வண்டிகள் வந்து நிற்கும் தெருவில் பாங்கு இருந்தது. முதலில் தபால் ஒட்டினேன், அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன், மற்றவர்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பத்திர செக்ஷனில் போட்டார்கள். அங்கேதான் எனக்கு வேலையில் ருசி தட்டியது.

கடன் பத்திரம் என்றால் ஏதோ படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் வித்தை என்று ஒரு எண்ணம் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு வித்தையும் இல்லை. பங்கு வாங்கினால் கம்பெனியில் நீ பங்காளி. லாபம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பத்திரம் வாங்கினால் நீ அவனுக்குக் கடன் கொடுத்தவன். இன்ன வட்டி தருவேன், இன்ன வருஷம் முதலைத் திருப்பித் தருவேன் என்று அவன் எழுதிக் கொடுத்த தாள்தான் உன் கையில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவன் யார் என்று பார்ப்பது முதல் வேலை. சர்க்கார் எழுதிக் கொடுத்தால் அது சர்க்கார் பேப்பர். வட்டி குறைவு, கவலையும் குறைவு. துறைமுகம், முனிசிபாலிட்டி எழுதிக் கொடுப்பது அதற்கு அடுத்தது. கம்பெனி எழுதிக் கொடுத்தால் அதற்கு டிபெஞ்சர் என்று பெயர். அதில் சொத்தை ஈடு காட்டி எழுதியதும் உண்டு, வெறும் வாக்கை நம்பி எழுதியதும் உண்டு. ஈடு காட்டியிருந்தால், அந்தச் சொத்தின் மேல் நமக்கு முன்னால் வேறு யாருக்காவது பாத்தியதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் வட்டியை மட்டும் பார்க்கிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சில பத்திரங்களில் பெயர் இருக்காது. எவன் கையில் இருக்கிறதோ அவனுக்குச் சொந்தம். அதன் ஓரத்தில் வரிசையாகச் சீட்டுகள் இருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சீட்டைக் கத்தரித்துக் கொடுத்து வட்டி வாங்க வேண்டும். சர்க்கார் பேப்பரில் பின்பக்கம் கட்டம் போட்டிருக்கும். வட்டி வாங்கும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் முத்திரை விழும். விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமென்றால் அதே பின்பக்கத்தில், முன்னால் எழுதியிருக்கும் பெயர் எப்படியோ அப்படியே கையெழுத்துப் போட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் திரும்பி வரும். இந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது வயசில்லை.

எங்கள் மானேஜருக்கு அந்தக் காலத்தில் ஏஜெண்டு என்று பெயர். திருவனந்தபுரத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனா முள்ளைக் கழற்றித் துணியால் துடைப்பார். தாளை நம் பக்கம் தள்ளும்போது இரண்டு விரலால் தள்ளுவார். அந்த இரண்டு விரலுக்கே நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொந்தத்துக்கு ஒரு காசு எடுத்தவர் அல்ல. ஆனால் பாங்குக்கு நல்லது என்றால் எதையும் செய்யலாம் என்று நினைத்தவர். அந்த மாதிரி ஆளிடம்தான் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இருபதுகளின் கடைசியில் ஒரு நாள், கடியப்பட்டணத்திலிருந்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். தலைவர் மிக்கேல், கூட இரண்டு பேர். அந்த ஊரில் ஒரு வழக்கம். கரைக்கு வரும் ஒவ்வொரு மடி வலையிலும் ஒரு பங்கு மீனை ஊருக்கென்று தனியாக எடுத்து மணலிலேயே ஏலம் விடுவார்கள். அந்தப் பணத்தில் கோயில் செலவு போக மீதத்தைக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பத்துக்கு என்று வைத்திருப்பார்கள். அந்தப் பணம் ஒரு பெட்டியில் சும்மா கிடந்தது. அதை வட்டிக்குப் போட வேண்டும் என்று வந்திருந்தார்கள்.

கடற்கரைக்காரர்கள் பாங்குக்கு வந்தால் வெளி வராந்தாவில் நிற்பதுதான் அப்போது நடப்பு. அன்றைக்கு ஏஜெண்டு அவர்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். காரணம் இருந்தது. மேற்கே மலையில் ஒரு ரப்பர் கம்பெனி டிபெஞ்சர் போட்டிருந்தது. எங்கள் பாங்குக்கு அந்தக் கம்பெனி பெரிய கடன் பாக்கி. கொடுத்த கடன் வருமா வராதா என்று ஏஜெண்டு பல நாள் பேனா முள் துடைத்துக்கொண்டிருந்தது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். வட்டி நூற்றுக்கு ஒன்பது என்று அவர் சொன்னதும் மிக்கேல் முகம் மலர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு மிக்கேல் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பொ ரப்பரு எங்க கரைக்கு எப்பொ வரும் சார்? எங்க வத்தையிலயே ஏத்தி கொல்லத்துக்குக் கொண்டுபோவோம். எங்களுக்குக் கடலு வழி தெரியாதா?"

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். கடற்கரையில் வலைக்கும் கட்டுமரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் அந்த வலையில் விழும் மீன் போகும். கடன் கொடுத்தவன் கைக்குச் சரக்கு வந்தாக வேண்டும். அந்தக் கரையில் கடன் என்றால் அதுதான். அதனால் ரப்பர் கம்பெனிக்குக் கடன் கொடுத்தால் ரப்பர் தங்கள் கைக்கு வரும் என்று அவர் நினைத்தார். இத்தனை காலம் வியாபாரிக்குக் கீழே நின்ற ஊர், இனி வியாபாரி இடத்தில் உட்காரப்போகிறது என்று அவருக்கு ஒரே உற்சாகம். ஏஜெண்டு அதைத் திருத்தாமல் புன்னகை செய்தார்.

அவர்கள் போனபின் என்னைக் கூப்பிட்டார். தமிழில் எழுதிய ஒரு தாளை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். "தாணு, நீர் ஞாயிற்றுக்கிழமை கடியப்பட்டணம் வரைக்கும் ஒண்ணு போகணும். அவங்க ஊர்ல எந்தக் காரியமானாலும் பூசை கழிஞ்சு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணுமாம். இதை வாசிச்சா மதி, வேறொண்ணும் வேண்டாம்."

தாளைப் பார்த்தேன். கம்பெனி பெயர், வட்டி, முதல் திரும்பும் வருஷம். அவ்வளவுதான் இருந்தது.

"சார், ரப்பரு அவங்க கைக்கு வரும்னுல்லா அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு."

"நாம அப்படிச் சொன்னோமா?"

"சொல்லல்ல."

"பின்னே? அவங்க நெனைக்கிறதுக்கெல்லாம் பாங்கு ஜவாப் சொல்ல முடியுமா? நீர் வாசிச்சுட்டு வாரும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தத் தமிழ்த் தாளை மடித்துப் பையில் வைத்தேன். கம்பெனி அச்சடித்து ஊரெல்லாம் விட்டிருந்த இங்கிலீஷ் அறிக்கையையும் எடுத்துக்கொண்டேன். அது திருட்டுச் சாமான் இல்லை. பாங்கு வாசலிலேயே கட்டாகக் கிடந்தது. கோயிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அறிக்கையை விரித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, தமிழில் உரக்கச் சொன்னேன்.

திரட்டும் பணத்தில் ஒரு பகுதி கம்பெனியின் பழைய கடனை அடைக்கப் போகும் என்று அதில் இருந்தது. அடைத்தது போக மிஞ்சும் பழைய கடனுக்கு எஸ்டேட்டின் மேல் முதல் பாத்தியதை, டிபெஞ்சர்காரர்களுக்கு அதற்கு அடுத்த பாத்தியதை என்றும் இருந்தது. பழைய கடன் கொடுத்தது எந்தப் பாங்கு என்றும் பெயர் போட்டு அச்சடித்திருந்தது. அதையும் வாசித்தேன். எங்கள் பாங்கின் பெயர்தான்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. வியாகுலம் என்று பெயர். மீன் விற்கிற அம்மாள். புருஷன் கடலில் போனவர். ஊர்ப் பணத்தில் அரிசி வாங்குகிற குடும்பம் அவளுடையது.

"சார்வாளே, கம்பெனி முங்கிப்போச்சுன்னு வைங்க. மொதல்ல யாருக்கு?"

"பாங்குக்கு."

"எங்களுக்கு?"

"பாங்குக்குப் போய் மிச்சம் இருந்தா."

"ரப்பரு?"

"ரப்பரு கம்பெனிக்கு. ஒங்களுக்கு வட்டியும், தவணை வந்தா முதலும் மட்டுந்தான். சரக்குல ஒரு துண்டு கூட வராது."

அவள் எழுந்து நின்றாள். "எங்க வீட்டு ஆளு ஒரே வலைக்கு ரெண்டு வேபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருந்தாரு. அவரு போன மூணாம் நாளு மொத வேபாரி வந்து வலையைச் சுருட்டிக்கிட்டுப் போனான். ரெண்டாவது ஆளு வந்து வெறும் மணலைப் பாத்துட்டுப் போனான். அந்த ரெண்டாவது ஆளாட்டு நாம போய் நிக்கணுமா மக்கா?"

இரண்டாம் பாத்தியதையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மிக்கேலுக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் என்னிடம் நேராக வந்தார்.

"ஓய் கணக்கப்பிள்ளே, நாங்க ஒரு காரியம் செய்து கரையேறப்பிடாது, அதுதானே? நீரு எந்த ஊரு? கொட்டாரமா? வயக்காட்டுக்காரனுக்கு நாங்க எப்பவும் கீழேயே இருக்கணும்."

எனக்கு வலித்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்கள் அவர்களை நடத்திய விதம் அப்படி. "அச்சுல உள்ளதை வாசிச்சேன். வேணும்னா வேற ஆளை வச்சு இன்னொரு தரம் வாசிச்சுப் பாரும்" என்றேன்.

பிறகு, வேறு எதில் போடலாம் என்று கேட்டார்கள். சர்க்கார் பேப்பரைப் பற்றிச் சொன்னேன். முதல் திரும்பும் வருஷம் குறிப்பிட்டதும் உண்டு, குறிப்பிடாததும் உண்டு. வருஷம் குறிப்பிட்டதையே வாங்குங்கள், மூன்று பேர் பெயரில் எழுதுங்கள், பெயரில்லாத பத்திரம் ஓலைக் கூரைக்குக் கீழே வேண்டாம் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். தவணை வரை வைத்திருந்தால் முழு முதலும் வரும், நடுவில் விற்கப் போனால் விலை குறைந்தும் இருக்கலாம். அதை யாரும் காதில் வாங்கவில்லை. ரப்பரிலிருந்து தப்பித்த ஆசுவாசத்தில் இருந்தார்கள். நூற்றுக்கு ஐந்துக்குச் சம்மதித்தார்கள்.

திங்கட்கிழமை ஏஜெண்டு பேனா முள்ளைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தாணு, நீர் யாருடைய சம்பளம் வாங்குகிறீர்?"

"பாங்கு சம்பளம், சார்."

"பின்னே பாங்குக்குத் துரோகம் செய்யலாமா?"

"சார், அச்சில் உள்ளதை வாசிக்கிறது எப்பொ முதல் துரோகமாச்சு?"

அந்த வருஷம் எனக்கு இன்கிரிமெண்டு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. சர்க்கார் பேப்பரை வாங்கி, அவர்கள் கேட்டபடி பாங்குப் பெட்டகத்திலேயே வைத்து, நானே ரசீது எழுதிக் கொடுத்தேன். மிக்கேல் வட்டி வாங்க வரும்போதெல்லாம் என் மேஜை முன்னால் நின்று, "நூத்துக்கு நாலு உம்மால போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவார். நான் கட்டத்தில் விழுந்த முத்திரையைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

பிறகு உலகமெல்லாம் வியாபாரம் படுத்தது. ரப்பருக்கு விலையே இல்லை. பால் வெட்டும் கூலிகூடக் கட்டாது என்று மரங்களைச் சும்மா விட்டார்கள். கம்பெனி டிபெஞ்சர் வட்டியை நிறுத்தியது. நாகர்கோவிலில் நல்ல வக்கீல்கள் சிலர் அதை வாங்கி வைத்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. மிக்கேல் நூற்றுக்கு நாலு கதையை நிறுத்தினார். நன்றி சொன்னாரா என்றால் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கஷ்டமான நாள் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு கடல் கொந்தளிப்பில் கடியப்பட்டணத்துக் கட்டுமரங்கள் சில கரை சேரவில்லை. ஒரே நாளில் அத்தனை வீடு. பணம் உடனே வேண்டும். பேப்பரை விற்றுத் தாரும் என்று மிக்கேல், பேப்பரில் பெயருள்ள மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்; கூட வியாகுலமும் வந்தாள். அந்தச் சமயத்தில் சர்க்கார் பேப்பர் விலை பாதாளத்தில் கிடந்தது. நான் விலையைச் சொன்னதும் மிக்கேல் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சர்க்கார் பேப்பரு முங்காதுன்னு சொன்னீரு. இப்பொ நூறு ரூவா தாளு நூறுக்கு இல்லன்னா இது என்னய்யா பத்திரம்?"

"சர்க்கார் முங்கல்ல. இப்பொ புதுசா வாங்குற கடனுக்கு சர்க்கார் கூடுதல் வட்டி குடுக்கு. அப்படியிருக்க, கொறஞ்ச வட்டித் தாளை முழு விலைக்கு எவன் வாங்குவான்? தவணைக்குக் காத்திருந்தா முழுசும் வரும்."

"தவணைக்குக் காத்திருக்க அந்த வீட்டுல உள்ளதுக வயிறு சம்மதிக்குமா?" என்று வியாகுலம் கேட்டாள். "நாளைக்கே கரை வேபாரி அரிசியோட வந்து நிப்பான். அரிசியைக் குடுத்துட்டு, ஆம்பிளைப் பயலுவ வளந்து புடிக்கப்போற மீனை இப்பவே எழுதி வாங்குவான்."

விற்க வேண்டாம் என்றேன். பேப்பரை ஈடு வைத்துக் கடன் வாங்கலாம். ஊர் பூரா எந்தப் பாங்கும் மறுக்காத ஈடு அது. அன்றைய விலையில் கொஞ்சம் குறைத்துக் கடன் கொடுப்பார்கள். பேப்பருக்கு வரும் வட்டி கடன் வட்டியில் பெரும்பகுதியைத் தாங்கும். மிச்சத்தை ஏல மீனிலிருந்து கட்டலாம். தவணை வந்தால் முழு முதலும் ஊருக்கு. பின்பக்கம் கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா, மூன்று பெயரும் பிசகில்லையா என்று பார்த்து, கடன் மனுவையும் எழுதி ஏஜெண்டிடம் கொண்டுபோனேன்.

அவர் வாசித்துவிட்டு, இரண்டு விரலால் திருப்பித் தள்ளினார். "கடற்கரைக்காரங்களுக்குக் கடன் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை. வித்துட்டுப் போகச் சொல்லும்."

"சார், கடன் அவங்க முகத்துக்கு இல்ல. சர்க்கார் பேப்பருக்கு."

"தாணு, ரப்பருல நமக்கு எவ்வளவு போச்சுன்னு உமக்குத் தெரியுமா? அன்னைக்கு அவங்க போட்டிருந்தா அவ்வளவும் போயிருக்காது."

அவர் அதை மறைக்கக்கூட இல்லை. அந்த வீடுகளின் அரிசியை எடுத்துத் தன் வாராக்கடனில் போட்டிருக்கலாமே என்று என் முகத்துக்கு நேராகவே வருத்தப்படுகிறார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அன்றும் குரலை உயர்த்தாதவர் அவர்தான்.

வெளியே வந்து மிக்கேலிடம் ரசீதைக் கேட்டேன். ரசீது கொடுத்தால் பெட்டகத்திலிருந்து பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன். பிறகு ஹால் நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்க, அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எங்க போறீரு?" என்றார் மிக்கேல்.

"எதிர்ப் பாங்குக்கு. வாரும்."

நடுப்பகல் வெயிலில் தெருவைக் கடந்தோம். எங்கள் பாங்குக்காரன் வாடிக்கைக்காரரைப் போட்டிப் பாங்குக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான் என்று கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு. எதிர்ப் பாங்குக்காரர்கள் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார்கள், பெயரைச் சரிபார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். சாயங்காலத்துக்குள் பணம் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது ஏஜெண்டு காத்திருந்தார். "நாளைக்கு ஒரு மன்னிப்பு எழுதிக் கொடும். தலைமை ஆபீஸுக்கு நான் எழுத மாட்டேன். அக்கவுண்டெண்டு வேலைக்கு உம்முடைய பேரைத்தான் வச்சிருந்தேன்."

வீட்டில் என் மனைவி செண்பகம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "எழுதிக் குடுத்திருங்கோ. ஒரு தாளுதானே. நமக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளையள் இருக்குல்லா?"

அவள் சொன்னது என்னை உலுக்கியது. காலையில் வெற்றுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதற்கு மன்னிப்பு என்று எழுத வேண்டுமே. அந்த இடம் எனக்கு வரவில்லை. ஏஜெண்டிடம் போய், "எழுத முடியல்ல சார்" என்றேன்.

"ஆலோசிச்சுத்தான் சொல்லுகிறீரா?"

"ஆமா சார்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். என்னை வேலையை விட்டு எடுக்க அவருக்கு விதி இடம் கொடுக்கவில்லை. ரசீதுக்குத்தான் பேப்பரைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மேஜையிலேயே என்னை வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். எனக்குக் கீழே சேர்ந்தவர்கள் அக்கவுண்டெண்டு ஆனார்கள், ஏஜெண்டு ஆனார்கள். தவணை வந்தபோது கடியப்பட்டணத்துப் பேப்பருக்கு முழு முதலும் வந்தது. கடனை அடைத்து மிச்சத்தை ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்கு நஷ்டம் இல்லை என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன். மூத்தவளுக்கு நகை குறைத்துத்தான் போட்டோம். செண்பகம் அதைக் கடைசிவரை சொல்லிக்காட்டினாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வருஷம், கடியப்பட்டணத்தில் ஆள் திரும்பாத வீடுகளில் ஒரு பெண்பிள்ளையும் கரை வியாபாரியிடம் போய் நிற்கவில்லை. ஒரு பையனுடைய மீனும் பிடிக்கும் முன்னால் விலை போகவில்லை. மன்னிப்பு இன்றுவரை எழுதவில்லை. என்னிடம் தாளும் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.